மனம் குளிரும் என்று படித்தவள்

வடிவம்மாளுக்கு வீரகேரளம்புதூர். பதினாறு வயதில் கல்யாணம். புருஷன் சுந்தரபாண்டியன் போலீஸ் கான்ஸ்டபிள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் ஆடி அமாவாசைக் கூட்டத்துக்காக அவனைக் குற்றாலத்துக்குப் பந்தோபஸ்து வேலைக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் சாரலில் நின்றுவிட்டு வீடு திரும்பியவனுக்கு மறுநாளே வாந்திபேதி கண்டது. அதற்கடுத்த நாள் மத்தியானம் அவன் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "ஒரு பிள்ளை குட்டி இல்லாமப் போனதும் நல்லதுக்குத்தான், ஒத்தக் கட்டை எப்படியும் பொழைச்சுக்கிடும்" என்றாள் சித்தி. "சர்க்கார் வேலையில செத்திருக்கான். அந்தப் பேரு உனக்கு இருக்கு தாயி" என்றார் ஏட்டையா. ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு எழுந்து போகப் போக, உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச தெம்பும் அவர்களோடு எழுந்து போவது போல அவளுக்கு இருந்தது. அதை என்னவென்று சொல்வது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. கெட்ட மனதோடு யாரும் பேசவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சுகளை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

அவள் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இரண்டு வருஷம் வீட்டில் முடங்கிக் கிடந்த பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படிக்கலாம் என்று யாரோ சொல்ல, அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள். அங்கே பாடமெல்லாம் இங்கிலீஷில். புண்ணைக் கழுவுவதும் காய்ச்சல் பார்ப்பதும் இங்கிலீஷில். முப்பத்தொன்றாம் வருஷம் தென்காசிக்கு மருத்துவச்சியாக வந்தபோது அவளுக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் நன்றாகவே வந்தது. வீட்டில் இருந்தபோது கட்டிய அதே வெள்ளைச் சேலைதான். இப்போது அதைப் பார்த்தவர்கள் நர்ஸம்மா என்று கும்பிட்டார்கள்.

பிரசவ வார்டில் அவளுக்குத் துணை ஆயா ஹைருன் பீவி. பிள்ளை செத்துப் பிறந்தால் ஹைருன் பீவிதான் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அல்லாவையும் விதியையும் சொல்லித் தேற்றுவாள். வடிவம்மாள் அந்த மாதிரி எதுவும் சொல்ல மாட்டாள். துணியை மாற்றுவாள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள், பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டியதைச் செய்வாள். "உனக்கு நெஞ்சில ஈரமே கிடையாது" என்று ஹைருன் பீவி சொல்வதுண்டு.

அச்சன்புதூர் குருவம்மாளோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது முப்பத்தொன்பதாம் வருஷம். குருவம்மாள் மகள் வள்ளித்தாய்க்கு இரண்டு நாளாகப் பிள்ளை இறங்காமல், மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று முதல் குருவம்மாளுக்கு வடிவம்மாள் சொல்வதுதான் வேதவாக்கு. கணவனை இழந்து, நாலு வயலைத் தானே நின்று பார்த்துக்கொண்ட பெண் குருவம்மாள். தென்காசிச் சந்தைக்கு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டோ, இரண்டு தேங்காயோ வைத்துவிட்டுப் போவாள்.

குருவம்மாளுக்கு ஒரே மகன், தங்கசாமி. நாற்பதாம் வருஷம் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டப் பழகினான். அடுத்த வருஷம் லீவில் வந்தபோது சிவகிரி உச்சிமாகாளியின் மகள் உலகம்மாளைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமாகி முப்பது நாள் கூட அவன் ஊரில் இருக்கவில்லை. கப்பலில் மலேயாவுக்குப் போய்விட்டான். நாற்பத்திரண்டு மாசியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சித்திரையில் ஒரு சர்க்கார் கார்டு வந்தது. ஆளைக் காணவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அந்த ஆடி மாதம் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், குருவம்மாளும் உலகம்மாளும் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குருவம்மாள் மடியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"இங்கிலீஷ் கடுதாசி. ஊர் வாத்தியார்கிட்ட குடுத்தா நமக்கு முந்தி ஊருக்குத் தெரிஞ்சிரும். நீ படிச்சுச் சொல்லு தாயி."

பூனாவில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து தங்கசாமியின் கேப்டன் எழுதியிருந்தார். காயம்பட்டு, சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே கப்பலேறித் தப்பி வந்தவர். வடிவம்மாள் மனதுக்குள் ஒருமுறை வாசித்துக்கொண்டு பிறகு தமிழில் சொன்னாள். ஜனவரியில் ஒரு ஆற்றுப் பாலத்தருகே தங்கசாமியைக் கடைசியாகப் பார்த்தேன். குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அடிபட்ட மூன்று பேரைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, நாலாவது ஆளைத் தேடி அவன் திரும்பிப் போனான். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். அதன் பிறகு அவனைப் பற்றிச் செய்தி இல்லை. அவனைப்போல நெஞ்சுரம் உள்ளவனை நான் பார்த்ததில்லை.

அடுத்த வரியில் அவள் நின்றாள். கேப்டன் தன் வார்த்தைகளை 'கோல்ட் கம்ஃபர்ட்' என்று எழுதியிருந்தார். உங்களுக்கு இது கோல்ட் கம்ஃபர்ட் என்று எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு சொல்லும் தனித்தனியே வடிவம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தவை. காய்ச்சல் நூற்று நாலுக்குப் போனால் டாக்டரம்மா 'கோல்ட் ஸ்பாஞ்ச்' என்பாள். குளிர்ந்த துணி நெற்றியில் பட்டதும் பிதற்றிக்கொண்டிருந்தவள் கண்ணை மூடித் தூங்கிப்போவாள். கம்ஃபர்ட் என்றால் ஆறுதல், சுகம். வேறு அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"உங்களுக்கு இது மனசு குளிர ஆறுதலா இருக்கும்னு எனக்குத் தெரியும். அப்படின்னு எழுதியிருக்காரு ஆச்சி."

குருவம்மாள் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். பிறகு, "தெரியும்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டாள்.

"ஆமா. எனக்குத் தெரியும்னுதான் இருக்கு."

"அப்ப அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. பட்டாளத்து ரகசியம், வெளிப்படையா எழுத விட மாட்டாங்க."

உலகம்மாள் அதுவரை தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயதுகூட நிரம்பாதவள். மெதுவாகக் கேட்டாள்: "சாவுச் சேதியா இருந்தா மனசு குளிரும்னு எழுதுவாகளா யக்கா?"

வடிவம்மாள் கடிதத்தை மறுபடி பார்த்தாள். செய்தி இல்லை என்ற வரி அதற்கு மேலேயே இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அந்த வரி அவள் கண்ணில் சின்னதாகிவிட்டது.

"எழுத மாட்டாக" என்றாள்.

குருவம்மாள் அந்த வாரமே ஊர் அம்மன் கோயிலில் பொங்கலிட்டாள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மகளைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த உச்சிமாகாளியிடம், "என் மகன் இருக்கான். அதிகாரி கைப்பட எழுதியிருக்கான்" என்று சொல்லி அனுப்பினாள். உலகம்மாளும் வரமாட்டேன் என்றுவிட்டாள். சந்தைக்கு வரும்போது அவர்கள் இருவரும் வடிவம்மாளிடம் அந்த வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். அவளும் படிப்பாள். பிரசவம் பார்ப்பதைத் தவிர மனிதர்களுக்குத் தன்னால் இன்னொரு நல்ல காரியமும் முடிந்தது என்ற பெருமை அவளுக்கு இருந்தது. ஹைருன் பீவிகூட, "உன் வாயிலேயும் நல்ல சொல்லு வருதே" என்றாள்.

அடுத்த ஆடி வந்தது. செங்கோட்டைக்கு அப்பால் மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த லோரிமர் என்ற துரை, சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா எடுத்திருந்தார். அவருடைய மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. திடீரென்று வலி கண்டு, உதவிக்கு வடிவம்மாளை அழைத்துப்போனார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்துசேர்வதற்குள் பிள்ளை செத்துப் பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. தோட்டத்து மூலையில் புதைத்தார்கள். வடிவம்மாள் ஒரு வாரம் அங்கேயே தங்கி அந்த அம்மாளைக் கவனித்துக்கொண்டாள்.

பங்களாவுக்குள் எந்தத் துணியும் காயாத ஈரக் காற்று. அருவிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பு தேறிவிட்டது, வயது இருக்கிறது, இன்னும் எத்தனையோ பிள்ளைகள் பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். துரையும் அதையே சொல்லிவிட்டு அவர் பின்னால் போனார். மிஸஸ் லோரிமர் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"கோல்ட் கம்ஃபர்ட், நர்ஸ்" என்றாள்.

காய்ச்சல் அடிக்கிறதாக்கும் என்று வடிவம்மாள் நினைத்தாள். பானையில் இருந்த அருவித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மடித்து, அந்த அம்மாளின் நெற்றியில் போட்டாள்.

மிஸஸ் லோரிமர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அதுவே அழுகையாகிவிட்டது. பிள்ளை இறந்த பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது ஓய்ந்ததும், துணியை நெற்றியிலிருந்து எடுக்காமலே, "நான் கேட்டது இது இல்லை நர்ஸ். ஆனால் இதுதான் எவ்வளவோ மேல்" என்றாள்.

"அப்படியானால் நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம்?" என்று தன் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் கேட்டாள் வடிவம்மாள்.

மிஸஸ் லோரிமர் கல்யாணத்துக்கு முன் தங்கள் ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். மெதுவாக விளக்கினாள். ஆறுதல் என்ற பெயரில் வந்து, ஆளைத் தேற்றாமல் போகும் சொல்லுக்கு அப்படிப் பெயர். சொல்கிறவன் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வான். கேட்கிறவளுக்கு அதில் ஒன்றும் இருக்காது. டாக்டர் சொன்னாரே, இன்னும் பிள்ளை பிறக்கும் என்று, அந்த மாதிரி.

"குளிர்ந்தது நல்லதுதானே?" என்றாள் வடிவம்மாள். "எங்கள் பேச்சில் மனம் குளிர்ந்தது என்றால் சந்தோஷப்பட்டது. வயிறு குளிர்ந்தது என்றால் பசியாறியது."

"எங்கள் ஊர்க் குளிரை நீ பார்த்ததில்லை. அங்கே பனிக்காலத்தில் அடுப்பு அணைந்த வீடு சாவு வீடு. எங்களுக்கு நல்லது எல்லாமே சூடானது. பிரியமான மனுஷியைக்கூட வெதுவெதுப்பானவள் என்போம்."

வடிவம்மாள் விடவில்லை. "இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய காலத்திலாவது நல்ல அர்த்தம் ஏதாவது இருந்ததா?"

எதற்காக இந்தப் பெண் இப்படித் துருவுகிறாள் என்று புரியாமல் அந்த அம்மாள் அவளைப் பார்த்தாள். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே பொறுமையாகச் சொன்னாள். முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. அறுநூறு வருஷத்துக்கு முந்திய எழுத்துகளிலேயே அது இருக்கிறது. கம்ஃபர்ட் என்பது லத்தீனிலிருந்து வந்தது. அதற்கு முதல் அர்த்தம் பலம் கொடுப்பது, தெம்பூட்டுவது. கோல்ட் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்திலேயே மனதைத் தளர வைப்பது, ஊக்கம் இல்லாதது என்ற அர்த்தமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால், தெம்பு தராத தெம்பு. "எனக்குத் தெரிந்து அதற்கு நல்ல அர்த்தம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை" என்றாள்.

வடிவம்மாளுக்குக் கேப்டன் கடிதத்தின் அந்த வரி மனப்பாடம். அத்தனை முறை படித்திருந்தாள். அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லி, "ஒரு பட்டாளத்துக்காரனின் தாய்க்கு அவன் அதிகாரி இப்படி எழுதினால் என்ன நினைத்து எழுதியிருப்பார்?" என்று கேட்டாள்.

மிஸஸ் லோரிமர் நெற்றியிலிருந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அவன் இறந்துவிட்டான் என்று நினைத்துத்தான்" என்றாள்.

தென்காசிக்குத் திரும்பிய அன்றே அச்சன்புதூருக்குப் போய்ச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வடிவம்மாள் நினைத்திருந்தாள். அன்று ஒரு இரட்டைப் பிரசவம் வந்துவிட்டது. அடுத்த வாரம் குருவம்மாள் வயலில் நடவு. நடவு முடியட்டும் என்று விட்டாள். பிறகு தீபாவளி, பிறகு தை. அறுவடையானதும் குருவம்மாள் புதுநெல்லில் ஒரு மரக்கால் கொண்டுவந்து, "உன் வாயால வந்த சொல்லுதான் எங்களை நடமாட வைக்கி" என்று வைத்துவிட்டுப் போனாள். அந்த நெல் வடிவம்மாளின் வீட்டு மூலையில் அப்படியே கிடந்தது. குத்திச் சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சந்தை நாட்களில் வேண்டுமென்றே உள்வார்டில் வேலையை இழுத்து வைத்துக்கொண்டாள். உலகம்மாள் அந்த வரியைப் படிக்கச் சொன்னால், கண் வலிக்கிறது என்றாள்.

விஷயத்தைக் கடைசியில் ஹைருன் பீவியிடம் சொன்னாள். ஹைருன் பீவி கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "தெரியாமச் சொன்னது பாவத்துல சேராது வடிவு. தெரிஞ்ச பொறவும் வாயை மூடிக்கிட்டு இருக்கியே, அது சேரும்" என்றாள். அதற்குப் பிறகும் வடிவம்மாள் போகவில்லை.

வைகாசியில் உச்சிமாகாளி சிவகிரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கே வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

"என் மகளுக்கு இருவத்திரெண்டு வயசாவுது நர்ஸம்மா. எங்கள்ல அத்துக்கட்டுத வழக்கம் உண்டு, பொண்ணு மறுதாலி கட்டிக்கிடலாம். சிவகிரியில ஒரு பையன், மாடன்னு பேரு. பொண்டாட்டி செத்துட்டா. நல்ல உழைப்பாளி. கேட்டு ஆளு விடுதான். ஆனா மருமகன் உயிரோட இருக்கும்போது நான் அந்தப் பேச்சை எடுத்தா அது துரோகம். அந்தக் கடுதாசில நெசமாவே அவரு இருக்காருன்னு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கு நானே அச்சன்புதூருக்கு வாரேன் அண்ணாச்சி. நீங்களும் அங்கன வந்திருங்க" என்றாள் வடிவம்மாள்.

மறுநாள், பெட்ரோல் பஞ்சத்தால் கரி எரித்து ஓட்டிய கரிவாயு பஸ் வழியில் இரண்டு தடவை நின்று, அவள் போய்ச்சேர மத்தியானமாகிவிட்டது. குருவம்மாள் முற்றத்து வேப்பமர நிழலில் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் வெயிலில் அவித்த நெல்லைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். உச்சிமாகாளி கிணற்றடியில் நின்றார். தண்ணீர் கொடுத்தார்கள். வடிவம்மாள் குடிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஈரத்துணி போட்டதைக்கூட விடவில்லை.

குருவம்மாள் கை நிற்காமல் புளி உடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்: "அந்த வெள்ளைக்காரிக்குக் குளிரு ஆகாது. சரி. இதை எழுதினவன் குண்டுக்கும் தீக்கும் நடுவுல இருந்து தப்பி வந்தவன். அவனுக்குக் குளிருன்னா நல்லதா கெட்டதான்னு அவகிட்ட கேட்டியா? நீ முதல்ல படிச்சதுதான் சரி."

"இல்ல ஆச்சி. நான் தப்பாப் படிச்சுட்டேன். அது அவங்க பேச்சு. அறுநூறு வருஷமா அதுக்கு அர்த்தம் அதுதானாம்."

"அறுநூறு வருஷத்துக்கு முந்தி எவனோ சொன்னதுக்காக என் மகன் சாவணுமா?"

உலகம்மாள் நெல்லுக்கு நடுவில் நின்றுவிட்டாள்.

"உனக்கு எப்பம் தெரிஞ்சுது யக்கா?"

"போன ஆடியில."

"பத்து மாசம்" என்றாள் உலகம்மாள். "ஒரு பிள்ளை உண்டாகிப் பொறந்திரும். உனக்குத் தெரியாத கணக்கா." அவள் குரல் உயரவே இல்லை. அதன் பிறகு அவள் வடிவம்மாளைப் பார்க்கவில்லை. நெல்லைத் தள்ளி முடித்துவிட்டு, கால் கழுவி, உள்ளே போனாள்.

அந்த மாதமே உலகம்மாள் தகப்பனோடு சிவகிரிக்குப் போனாள். மாமியாரை விட்டுப் போக அவளுக்கும் மனமில்லை, காத்திருக்கவும் இனி முடியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றிக் குருவம்மாள் கையில் கொடுத்தாள். குருவம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆவணியில் மாடனுக்கும் உலகம்மாளுக்கும் கல்யாணம் நடந்தது. சந்தைக்கு வந்தாலும் குருவம்மாள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டாள்.

உலகச் சண்டை முடிந்தது. நாற்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் ஒரு காலை, வராந்தா பெஞ்சில் குருவம்மாள் உட்கார்ந்திருப்பதை வடிவம்மாள் பார்த்தாள். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் பத்து வருஷம் வயது கூடியது போல் இருந்தாள். மடியில் ஒரு நீளமான சர்க்கார் கவர்.

"வேற யார்ட்டயும் குடுக்கல. நீ படிச்சதைத்தான் அன்னைக்கு நம்பினேன். இதையும் நீயே படி."

நாலே வரிதான். வடிவம்மாள் ஒவ்வொரு வரியையும் முதலில் இங்கிலீஷில் சத்தமாக வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். லாரி டிரைவர் தங்கசாமி ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். நியூகினி என்ற தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே நோயினால் இறந்தார். இறந்த நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து ஜனவரி பதினொன்று.

குருவம்மாள் அழவில்லை. தேதியை மறுபடி கேட்டாள். வடிவம்மாள் மறுபடி சொன்னாள்.

"அது மார்கழிக் கடைசியா?"

"ஆமா ஆச்சி. போன வருஷம், பொங்கலுக்கு ரெண்டு மூணு நாளு முந்தி."

குருவம்மாள் விரல்விட்டு எண்ணினாள். ஹைருன் பீவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"அப்ப நீ என் முற்றத்துல நின்னு சொல்லும்போது என் மகன் உயிரோட இருந்தான்."

"இருந்தாரு."

"அவ தாலியக் கழட்டும்போது இருந்தான்."

"இருந்தாரு ஆச்சி."

"மறுகல்யாணம் ஆயி நாலு மாசம் வரைக்கும் இருந்தான்."

வடிவம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தன. நீங்கள் காத்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாதே என்று சொல்லலாம். எல்லாமே உண்மை. ஒன்றையும் அவள் சொல்லவில்லை. பெஞ்சில் குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்று வார்டில் பிரசவம் எதுவும் இல்லை. இருவரும் அப்படியே வெகுநேரம் இருந்தார்கள்.

எழுந்திருக்கும்போது குருவம்மாள் தாளை வாங்கி நாலாக மடித்தாள். "இறந்துட்டான்னு சிவகிரிக்குச் சொல்லி விட்டிருதேன். எள்ளுந் தண்ணியும் விடணும்லா. ஆனா இந்தத் தேதி மட்டும் அங்க போவ வேண்டாம். அந்தப் பிள்ளை தாங்காது."

"ஆச்சி, ஒரு தடவை நான் மறைச்சதுனாலதான்..."

"அது உன் பயத்துக்கு மறைச்சது. இது வேற" என்று சொல்லிவிட்டுக் குருவம்மாள் படியிறங்கினாள்.

அந்த ஆவணியில் உலகம்மாள் தென்காசிக்கு வந்தாள். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்காகக் கிடந்தது. சிவகிரி மருத்துவச்சி கையை விரித்துவிட, மாடன் வண்டி கட்டிக் கொண்டுவந்திருந்தான். வடிவம்மாளைப் பார்த்ததும் உலகம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலி அவளை வேறெதுவும் நினைக்க விடவில்லை. வடிவம்மாள் வயிற்றின் மேல் கைவைத்து மெல்ல மெல்லத் தடவிப் பிள்ளையைத் திருப்பினாள். பிள்ளை பிறக்கும்வரை டாக்டரம்மாளும் அவளும் நகரவில்லை. ஆண் பிள்ளை.

மூன்றாம் நாள் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது உலகம்மாள் கேட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வடிவம்மாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அவுக எப்பம் செத்தாகன்னு அந்தத் தாள்ல போட்டிருந்துச்சா யக்கா?"

வடிவம்மாள் துணியை மடித்தாள். இப்படி ஒரு நாள் வரும் என்று மாசியிலிருந்தே அவளுக்குத் தெரியும். சிங்கப்பூர் விழுந்த அன்றைக்கே என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று பலமுறை எண்ணியிருந்தாள்.

"போட்டிருந்துச்சு. உங்க அத்தை உங்கிட்ட சொல்ல வேண்டாம்னாக. ஆனா நீ கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

உலகம்மாள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அதன் காதை, விரல்களை, கால் மடிப்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தையா சொன்னாக?"

"ஆமா."

சொல்ல வேண்டாம் என்று சொல்லும்படியான தேதி என்றால் அது எப்படிப்பட்ட தேதி என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை. வடிவம்மாள் கட்டிலின் ஓரத்தில் கை வைத்தபடி நின்றாள்.

"அப்ப வேண்டாம் யக்கா" என்றாள் உலகம்மாள்.

சாயந்திரம் கஞ்சி கொடுக்கும்போது வேறு ஒன்று கேட்டாள். "அத்தை தனியாவா இருக்காக?"

"தனியாத்தான். வள்ளித்தாய் எப்பமாவது வந்து பாத்துட்டுப் போவா."

பத்தாம் நாள் மாடன் வண்டி கொண்டுவந்தான். உலகம்மாள் ஏறி உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டாள். வண்டி வடக்கே சிவகிரி சாலையில் திரும்பப் போனபோது, அவள் குனிந்து புருஷனிடம் என்னவோ சொன்னாள். மாடன் கொஞ்ச நேரம் மாட்டை நிறுத்திவைத்து யோசித்தான். பிறகு அச்சன்புதூர்ப் பாதையில் ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வடிவம்மாளும் ஹைருன் பீவியும் அதைப் பார்த்தார்கள்.

அங்கே என்ன நடந்தது என்று வடிவம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் விசாரிக்கவில்லை. அன்று பொழுது சாயும்வரை வண்டி குருவம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றதாகவும், அடுப்பு புகைந்ததாகவும், அந்த வழியாகச் சந்தைக்கு வந்த ஒருத்தி பிறகு சொன்னாள். வடிவம்மாள் கேட்டுக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் கத்தரிக்கோலைப் போட உள்ளே போனாள்.